அரிசி இழுக்கும் காசு

கடைக்குள் நுழைந்ததுமே செல்வம் கதவைச் சாத்தச் சொன்னார். மாட்டேன் என்றேன். கதவைச் சாத்திக்கொண்டு காட்ட வேண்டிய காசை நான் பார்ப்பதில்லை.

விருத்தாசலம் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் பழைய காசு வாங்கி விற்கிறேன். அதற்கு முன் பீங்கான் கம்பெனியில் ஸ்லிப் பிரிவில் இருந்தேன். ஸ்லிப் என்றால் கரைத்த களிமண். அதற்குள் காந்தத்தை விட்டு இரும்புத் தூளை எடுப்பது என் வேலை. ஒரு துணுக்கு தப்பினாலும் சூளையிலிருந்து வரும் வெள்ளைக் கோப்பையில் கரும்புள்ளி விழும், சூப்பர்வைசரிடமிருந்து திட்டு விழும். வேலையை விட்டும் காந்தத்தை விடவில்லை. இன்றும் மேஜை டிராயரில் கிடக்கிறது.

செல்வம் கருவேப்பிலங்குறிச்சிக்காரர். போன தை மாதம், அறுவடை முடிந்த கையோடு மனைவி அஞ்சலையுடன் வந்திருந்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்:

"ரைஸ் புல்லிங் காசு, அக்கா. ராமர் பட்டாபிஷேகம் போட்டது, அரிசிய இழுக்குது. மெட்ராஸ் பார்ட்டி கோடிக்கு எடுக்கறாங்களாம். ஒரிஜினல்னு ஒரு சர்டிபிகேட்டு மட்டும் எழுதிக் குடுங்க."

"காசு யாருது?"

"புரோக்கரோடது. ஒரு நாளு வூட்டு சாமி ரூம்ல வெச்சிப் பாருங்கன்னு நம்பிக் குடுத்திருக்காரு. நாளைக்குக் கெணத்து நெலத்த அவரு பேர்ல எழுதிக் குடுத்துட்டா காசு எங்களுது."

அஞ்சலை என் பக்கம் திரும்பினார். "இருக்கறதே அந்த நெலம் ஒண்ணுதான்க்கா. நான் சொன்னா கேக்க மாட்டேங்குறாரு."

பேராசை பிடித்தவரிடம் உபதேசம் செய்வது செவிடன் காதில் ஊதிய சங்குதான். காட்டத்தான் வேண்டும்.

செல்வம் மஞ்சள் துணி முடிச்சை அவிழ்த்து அதிலிருந்த அரிசியைத் தட்டில் கொட்டினார். காசைப் பக்கத்தில் கொண்டுபோனதும் நாலைந்து அரிசி துள்ளி ஒட்டிக்கொண்டது. பொய் சொல்லக் கூடாது, நன்றாகத்தான் இழுத்தது.

"பாத்தீங்களா!"

"பாத்தேன். இந்த அரிசி ஏது?"

"அதுவும் அவரு குடுத்ததுதான். பூஜை பண்ண அரிசி. வேற அரிசியில வெச்சா பவர் போயிடுமாம்."

இது போதாதா? டிராயரைத் திறந்து என் காந்தத்தை எடுத்து அவர் கையிலேயே கொடுத்தேன். "இத அந்த அரிசிகிட்ட கொண்டு போங்க தம்பி."

தட்டிலிருந்த அரிசியில் பாதி காந்தத்தில் ஏறிக்கொண்டது.

"நான் களிமண்ணுல விட்டுக் கலக்கிட்டு இருந்த காந்தம் இது. இதுக்கும் ஒரு கோடி வாங்கித் தருவாரா உங்க புரோக்கரு? அரிசியில இரும்புத் தூளு பூசியிருக்குது. காசுக்குள்ள காந்தத்த வெச்சி ஒட்டியிருக்குது. வெளிம்புல ஒட்டு தெரியுது பாருங்க."

செல்வத்துக்கு முகம் சிவந்துவிட்டது. "என் நல்ல நேரத்தக் கெடுக்காதீங்கக்கா" என்று காசை எடுத்துக்கொண்டு எழுந்தார். அஞ்சலை அவர் சட்டையைப் பிடித்து உட்கார வைத்தார். தங்கை வீட்டுக்கென்று கட்டைப் பையில் எடுத்து வந்திருந்த புது அரிசியை ஒரு கை அள்ளி வேறு தட்டில் போட்டார்.

"நம்ம கெணத்து நெலத்துல வெளஞ்சது. இத இழுக்கச் சொல்லுங்க. இழுத்துட்டா நானே முன்னாடி வந்து கையெழுத்துப் போடறேன்."

செல்வம் தயங்கித் தயங்கிக் காசை வைத்தார். திருப்பி வைத்தார். ஒரு அரிசிகூட அசையவில்லை.

"பவர் போயிடுச்சு" என்று முனகினார்.

அதே காசை வாங்கிப் பூஜை அரிசியிடம் கொண்டுபோனேன். மறுபடியும் துள்ளி ஒட்டியது. பவர் எங்கேயும் போகவில்லை. செல்வம் தலையில் கை வைத்துக்கொண்டார்.

அந்த நேரம் பார்த்துப் புரோக்கரின் போன். அஞ்சலை பிடுங்கி ஸ்பீக்கரில் போட்டார்.

"நாளைக்கு ரிஜிஸ்தர் ஆபீசுக்கு வந்துடுறீங்களா?"

"இல்லீங்க. உங்க காசுக்கு எங்க நெலத்து அரிசியே புடிக்கலையாம். நெலம் மட்டும் எதுக்குங்க அதுக்கு?"

போன் கட்டாகிவிட்டது. காசைத் திருப்பிக் கொடுக்கத் தனியாகப் போக வேண்டாம், போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படையுங்கள் என்று சொல்லி அனுப்பினேன்.

புதிதாக இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். எடை, உலோகம், எழுத்து எல்லாம் பார்க்கப் பார்க்கப் பழகிவிடும். காசோடு ஒரு நிபந்தனையும் சேர்ந்து வந்தால் முதலில் அந்த நிபந்தனையைச் சோதித்துப் பாருங்கள். எதைத் தொடாதே என்கிறார்களோ அதைத் தொட்டுப் பாருங்கள்.

அஞ்சலை தட்டில் போட்ட ஒரு கை அரிசியை அவர் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை. அன்று இரவு என் உலையில் சேர்த்துப் போட்டேன். நல்ல அரிசி.