இறங்காத கரகம்

தாட்சாயணிக்குக் கோபம் வந்தால் பாலசமுத்திரம் பஸ் கூட ஒதுங்கி நிற்கும் என்று ஆந்திர எல்லையோரத்து அந்த ஊரில் கேலி பேசுவார்கள். ஐம்பத்து மூன்று வயது. மாங்காய் சீசனில் மாம்பழக்கூழ் ஃபேக்டரியில் காய் பொறுக்குவாள், மற்ற மாதங்களில் கரும்புக்குக் களை எடுப்பாள். சூப்பர்வைசரிடம் தெலுங்கு, வீட்டில் தமிழ், சண்டையில் இரண்டும். ஆனால் வருஷத்தில் ஒருநாள் ஊரே அவளைக் கையெடுத்துக் கும்பிடும். மாமியாருக்குப் பிறகு இருபது வருஷமாகக் கங்கம்மா ஜாத்ராவில் கரகம் சுமப்பவள் அவள்தான்.

கரகம் தலையில் ஏறிவிட்டால் கோயிலுக்குத் திரும்பும்வரை இறக்கக் கூடாது. சுமப்பவளை யாரும் தொடவும் கூடாது. அவள் காலில் முதல் மஞ்சள் தண்ணீர் விழுவது சாயபு தெருவில், கைருன்பீயின் வாசலில். ஒரு பஞ்சத்தில் ஊர்க் கிணறெல்லாம் வற்றிப்போய், அந்த வீட்டுக் கிணற்றுத் தண்ணீரில்தான் அம்மனுக்குப் பொங்கல் வைத்தார்களாம். அன்றைக்கு ஏற்பட்ட முறை.

இந்த வருஷம் வெங்கட் கமிட்டித் தலைவன் ஆனான். ஊர்த் தெலுங்குக்காரன், திருப்பதியில் மனை விற்கிறவன். ஜாத்ராவுக்கு முந்தின நாள் தாட்சாயணி வீட்டுக்கே வந்து, சாயபு தெருவுக்குள் கரகம் போகாது என்றான்.

"எதுக்குடா?"

"இது ஹிந்து பண்டுக, அத்தை. தமிழ், தெலுங்கு எல்லாம் அப்புறம். நாமெல்லாம் ஒண்ணு."

தாட்சாயணிக்கு உச்சந்தலையில் சுர்ரென்றது.

"நாங்க தண்ணிக் குழாய் கேட்டு வந்தப்ப, அரவ ஜனமெல்லாம் தமிழ்நாட்டுக்கே போங்கன்னு கத்துனது நீதானே? இப்ப எப்பிடி ஒண்ணாயிட்டோம்? கைருன்பீயை வெளிய தள்ள என் தலை வேணுமா உனுக்கு? மலைமேல இருக்கிற பெருமாளே துலுக்க நாச்சியாரு, பீபி நாஞ்சாரியைக் கட்டிக்கினவரு. போ, அவரையும் கமிட்டிக்குக் கூப்பிட்டு விசாரி!"

மறுநாள் கரகம் கிளம்பியது. சாயபு தெரு முனையில் கமிட்டி ஆட்கள் கைகோத்து நின்றார்கள். தாட்சாயணி நேராக அவர்கள்மேல் நடந்தாள். கரகக்காரியைத் தொட்டால் தீட்டு என்று கேட்டு வளர்ந்தவர்கள், கடைசி நொடியில் கையை உதறிக்கொண்டு விலகினார்கள். பம்பைக்காரர்களும் ஊர்ஜனமும் பின்னாலேயே வந்தார்கள்.

கைருன்பீ வீட்டுக் கதவு சாத்தியிருந்தது.

"போயிடுக்கா," என்றது உள்ளிருந்து குரல். "காலையில வெங்கட்டும் ஆளுங்களும் வந்து மிரட்டிட்டுப் போனாங்க. என் புள்ள கடையில தனியா இருக்கான்."

தாட்சாயணி நகரவில்லை. வெயிலில் தார் ரோடு கொதித்தது. பம்பை ஓய்ந்துவிட்டது. கொஞ்ச நேரத்தில் கதவின் அடி இடுக்கு வழியாக மஞ்சள் தண்ணீர் வழிந்து வந்து அவள் விரல்களை நனைத்தது. கைருன்பீ உள்ளே இருந்தே ஊற்றியிருக்கிறாள், சொந்த வீட்டில் திருடியைப் போல.

"தண்ணிதான் ஊத்தியாச்சே, கெளம்பு அத்தை," என்றான் வெங்கட். நிம்மதி அவன் முகத்தில் தெரிந்தது. அதைப் பார்த்ததும் தாட்சாயணி அவன் பக்கம் திரும்பினாள்.

"கதவுக்குக் கீழ வாங்கிக்க எங்க அம்மன் என்ன பிச்சைக்காரியா? அவ வெளிய வந்து, கையால ஊத்தணும். அதுவரைக்கும் நான் நிக்கிறேன். கரகம் இறங்காது, பொங்கல் பொங்காது. நீ மூட வெச்ச கதவு, நீயே போய்த் தட்டு."

ஊர் மொத்தமும் வெங்கட்டைப் பார்த்தது. கோயில் வாசலில் நூறு அடுப்பு காத்திருந்தது. "எங்களால கால் சுட நிக்க முடியாது, தட்டுப்பா" என்று யாரோ கத்தினார்கள். அவன் செருப்பைக் கழற்றிவிட்டுப் படியேறினான். ரம்ஜானுக்கு ரம்ஜான் கிண்ணத்தோடு வந்து சேமியா தின்ற அதே படி.

மெதுவாகத் தட்டினான். "பின்னி," என்றான். சின்ன வயதில் அவளை அப்படித்தான் சித்தி முறை வைத்துக் கூப்பிடுவான். கதவு திறக்கவில்லை.

"உன் மிரட்டல் தெருமுனை வரைக்கும் கேட்டுச்சாமே," என்றாள் தாட்சாயணி. "அதே சத்தத்துல கூப்பிடுடா."