தோரணியா, வார்ப்பா

என் புத்தகத்தின் வரைவை வாட்ஸ்அப் குழுவில் போட்டதும் முதலில் வந்த பதில், கூப்பிய இரண்டு கைகள். அடுத்தது ‘வாழ்த்துகள் தோழர்’. மூன்றாவதாக ஒருவர், தலைப்பில் இருக்கும் ‘தோரணி’ சரியான சொல்தானா என்று கேட்டார். அவர் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம்.

புத்தகம் மென்பொருள் எழுதுகிறவர்களுக்கானது. நிரல் எழுதும்போது ஒரே சிக்கல் வேறு வேறு வேஷத்தில் திரும்பத் திரும்ப வரும். பலர் முட்டி மோதி அதற்குக் கண்டுபிடித்து வைத்திருக்கும் தீர்வுகளை டிசைன் பேட்டர்ன் என்பார்கள். அந்த பேட்டர்னுக்கு நான் வைத்த தமிழ்தான் தோரணி. உழவர்கரையில் நான் வேலை பார்க்கும் சின்ன கம்பெனிக்கு வருகிற பிள்ளைகள் இவற்றை இன்டர்வியூவுக்காக மனப்பாடம் செய்துகொண்டு வருவார்கள். கேள்வியைக் கொஞ்சம் மாற்றிக் கேட்டால் திருதிருவென்று விழிப்பார்கள். நானும் அப்படி விழித்தவள்தான். யாராவது தமிழில் எடுத்துச் சொல்லியிருந்தால் அன்றைக்கே புரிந்திருக்குமே என்ற கோபத்தில் எழுத உட்கார்ந்தேன். காலையில் அடுப்பு பற்றவைப்பதற்கு முன்னால், ஞாயிற்றுக்கிழமை துணி ஊறுகிற நேரத்தில் என்று மூன்று வருஷம் எழுதினேன்.

டவுனில் ஒரு பதிப்பாளர் கிடைத்தார். புரட்டிப் பார்த்துவிட்டு, தனக்கு இதில் ஒரு வரியும் விளங்கவில்லை என்று ஒளிக்காமல் சொன்னார். விஷயம் தெரிந்த ஒருத்தராவது படித்துப் பார்த்து, புரிகிறது என்று எழுதிக் கொடுத்தால் ஆடி முடிவதற்குள் அச்சுக்கு அனுப்பிவிடுவாராம். இல்லையென்றால் அடுத்த வருஷம் பார்க்கலாமாம். ‘அடுத்த வருஷம் பார்க்கலாம்’ என்பதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும்.

அதனால்தான் எங்கள் ஊர் கட்டற்ற மென்பொருள், அதாவது ஃப்ரீ சாஃப்ட்வேர், குழுவிடம் போய் நின்றேன். புரிகிறதா, எந்த இடத்தில் இடறுகிறது, இவ்வளவுதான் நான் கேட்டது. அவர்கள் தலைப்பைத் தாண்டவே இல்லை. தோரணி என்றால் வாசலில் கட்டும் மாவிலைதான் ஞாபகத்துக்கு வருகிறது என்றார் ஒருவர். வார்ப்பு என்று வைக்கலாம் என்றதும், இதென்ன இரும்புப் பட்டறையா என்றார்கள். பாங்கு என்றால் அது பள்ளிவாசலில் சொல்வது. கோலம் என்று சொன்னவரை எல்லோரும் சேர்ந்து மொத்தினார்கள். பிரெஞ்சுப் பள்ளியில் படித்த ஒருவர், அந்த பாஷையில் ‘பத்ரோன்’ என்பார்கள், அதையும் பாருங்கள் என்றார். அது முதலாளி ஆயிற்றே என்று இன்னொருவர் கிளம்பினார். ஒவ்வொரு முறை போன் அதிரும்போதும் யாரோ உள்ளே படித்துவிட்டார்கள் என்று ஓடிப்போய்ப் பார்ப்பேன். குக்கரை மறந்து இரண்டு தடவை பருப்பைத் தீய்த்தேன்.

நேரில் கூடினால் சரியாகிவிடும் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லோரையும் வீட்டுக்கு அழைத்தேன். ஆளுக்கொரு பிரதி கொடுத்தேன். இரண்டு மணி நேரம் சண்டை போட்டு, கை தூக்கச் சொல்லி, வார்ப்பு ஜெயித்தது. டீ குடித்தோம். என் வரைவை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு எல்லோரும் போட்டோ எடுத்துக்கொண்டார்கள். ‘நூல் கலந்தாய்வு சிறப்பாக நடந்தது’ என்று அன்றைக்கே அது குழுவில் வந்தது. நான் பாத்ரூமில் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

மறுநாள் எல்லா இடத்திலும் பேட்டர்ன் என்றே மாற்றி, சொல்லை விடுங்கள், தயவுசெய்து உள்ளே படியுங்கள் என்று மறுபடியும் போட்டேன். கூப்பிய கைகூட வரவில்லை, நீல டிக் மட்டும் விழுந்தது. ஆபீசில் நன்றாக நிரல் எழுதுகிற பெண்ணிடம் கெஞ்சினேன். தமிழில் படித்தால் தலை வலிக்கிறது அக்கா என்றாள். தமிழில் படிக்கிறவர்களுக்கு நிரல் வேண்டாம், நிரல் எழுதுகிறவர்களுக்குத் தமிழ் வேண்டாம். இரண்டும் வேண்டும் என்று இந்த ஊரில் நான் ஒருத்திதான் பைத்தியம்போல் அலைகிறேனோ என்று பயம் வந்துவிட்டது.

ஆடி கடைசிக்கு வந்துவிட்டது. வீராம்பட்டினம் தேருக்கு ஆபீஸ் லீவு. பையில் பிரதியை வைத்துக்கொண்டு ஸ்கூட்டியை எடுத்தேன். தேருக்குப் போகிற கூட்டத்தில் பாலத்தின் மேல் வண்டி நகரவே இல்லை. அரியாங்குப்பத்தில் டிடிபி கடை வைத்திருப்பவர், வார்ப்புக்காகத் தொண்டை கிழியக் கத்தியவர், அவரைப் பார்க்கத்தான் போனேன். கல்யாணப் பத்திரிகை அடிப்பதுதான் தொழில் என்றாலும், தானாகவே கற்றுக்கொண்டு கடைக்கு ஒரு வெப்சைட் செய்து வைத்திருக்கிறார். யோசித்துப் பார்த்தால் இந்தப் புத்தகமே அவரைப் போன்ற ஆளுக்குத்தான்.

விஷயத்தைச் சொன்னேன். “இதுக்கா இந்தக் கூட்டத்துல வந்தீங்க? புரியுதுன்னு அடிச்சுத் தரேன், கொண்டு போய்க் குடுங்கமா” என்று சொல்லிக்கொண்டே கம்ப்யூட்டரில் புதுப் பக்கத்தைத் திறந்துவிட்டார்.

சத்தியமாகச் சொல்கிறேன், வாங்கிக்கொண்டு ஓடிவிடலாம் என்றுதான் இருந்தது. ஆனாலும் வாய் சும்மா இருக்கவில்லை, படித்தீர்களா அண்ணா என்று கேட்டுவிட்டேன். தலைப்பு வரைக்கும் என்று சிரித்தார். ஒரு பக்கம், ஒரே ஒரு பக்கம் என்று கிட்டத்தட்ட அவர் காலில் விழுந்தேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, முதல் அத்தியாயத்தை மெய்ப்பு பார்க்கிற பழக்கத்தில் சத்தமாகவே வாசிக்கத் தொடங்கினார். இரண்டாவது வரியில் நின்றார்.

“இடைமுகம்னா இன்னாமா?”

“இன்டர்ஃபேஸ்” என்றேன் சட்டென்று.

“அது சரிமா. அப்டின்னா?”

அவர் மடக்குவதற்காகக் கேட்கவில்லை. விரலை அந்த வரியிலேயே வைத்துக்கொண்டு, நான் சொல்லப் போவதைக் கேட்க என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தச் சொல் இல்லாத பக்கமே என் புத்தகத்தில் இல்லை. அப்படியென்றால் என்ன என்று ஒரு பக்கத்திலும் நான் சொல்லியிருக்கவில்லை. அந்தச் சொல் மட்டும்தானா? ஒவ்வொரு இங்கிலீஷ் சொல்லுக்கும் ஒரு தமிழ்ச் சொல்லைத் தேடி உட்காரவைத்துவிட்டு, விளக்கிவிட்டதாக மூன்று வருஷம் நினைத்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

அவருக்குப் பாவமாக இருந்திருக்க வேண்டும். பிரதியை மூடி வைத்துவிட்டு, லெட்டரை அடித்துவிடவா என்று கேட்டார்.

“வேணாம்ணா” என்றேன். “நான் இன்னும் புக்கே எழுதல.”