அம்புக்கு எதிர்ப்பக்கம்

சின்னமனூரிலிருந்து மேகமலைக்குப் போகும் பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் எஸ்டேட் ஆஸ்பத்திரி நர்ஸம்மா. வெள்ளைச் சேலை, மூக்கு நுனியில் கண்ணாடி. பஸ் எந்தக் குழியில் குதித்தாலும் அவர் கண் போனை விட்டு அகலவில்லை.

அவர் ஆடியது, பள்ளி நாட்களில் நான் டிவியில் மாட்டி ஆடிய பெட்டி தள்ளும் விளையாட்டின் இரண்டாம் பாகம். கொஞ்சம் யோசிக்க நின்றாலே, எந்தப் பக்கம் தள்ளவேண்டும் என்று அம்புக்குறி காட்டிவிடும். அதற்காகவே நெட்டில் எல்லோரும் அதைத் திட்டித் தீர்த்திருந்தார்கள். நானும் ஒரே ஒரு ஸ்டார்தான் போட்டிருந்தேன்.

"பழசுதான் நல்லாருந்துச்சு, இல்லக்கா? இந்த அம்பை நிறுத்தி விடட்டுமா?" என்றேன்.

"ஐயோ, வேணாம் ஆத்தா! வீட்லயும் ஆஸ்பத்திரியிலயும் ஆளாளுக்கு வழி சொல்றாக. அங்கனயெல்லாம் கேட்டுத்தான ஆகணும். இது ஒண்ணுதான், சொன்னதக் கேக்காட்டியும் மூஞ்சியத் தூக்கி வச்சுக்காது."

அம்பு இடப்பக்கம் காட்டியது. அவர் வலப்பக்கம் தள்ளினார். பெட்டி மூலையில் மாட்டிக்கொண்டது. வாய்விட்டுச் சிரித்துவிட்டு முதலிலிருந்து ஆரம்பித்தார்.

வீடு திரும்பியதும் நானும் அப்படியே ஆடிப் பார்த்தேன். இன்னும் முதல் கட்டமே முடிந்தபாடில்லை. ஸ்டாரை மட்டும் ஐந்தாக்கிவிட்டேன்.