ஏழாம் நம்பர் பாட்டில்

ராயபுரம் லூர்துக்குப் பொய் சொல்ல வராது. அவர் சம்சாரம் ஆன்சியைக் கேட்டா, "அந்த மனுசன் பொய் சொன்னா வாய் கொழறும்"னு சொல்லும். அப்பேர்ப்பட்ட ஆளு ஒரு பொய்யை பாட்டில்ல ஊத்தி, மூடி போட்டு, மேல நம்பரும் எழுதிட்டாரு.

காசிமேட்டுல சொந்தமா ஒரு ஃபைபர் படகு வச்சிருக்காரு. வயசு அம்பத்தாறு. மாசத்துல ஒரு செவ்வாய்க்கிழமை மட்டும் மீனுக்குப் போவாம ஜெரினா மேடத்துக்காகப் போவாரு. மேடம் வண்ணாரப்பேட்டைப் பொண்ணு, கடல் ஆராய்ச்சி. திருவொத்தியூர்ல ஆரம்பிச்சு எண்ணூர் முகத்துவாரத்துக்கு உள்ள வரைக்கும் ஏழு எடம். ஒவ்வொரு எடத்துலயும் சல்லாத்துணி மாதிரி ஒரு கூம்பு வலையைப் பத்து நிமிசம் மெதுவா இழுத்து, அடியில சேர்றதை பாட்டில்ல புடிச்சு, கெடாம இருக்க மருந்து ஊத்தணும்.

மொத நாளு லூர்து விழுந்து விழுந்து சிரிச்சாரு. "இன்னா மேடம், இதுல நெத்திலி கூட மாட்டாதே!" மேடம் அவரை லேபுக்கு இட்டுகினு போயி மைக்ராஸ்கோப்புல காட்டினாங்க. ஒத்தைக் கண்ணு, ரெண்டு நீட்டு மீசை, ஒரு பூச்சி.

"இதைத் தின்னுதான் நெத்திலியே வளருது, அண்ணா. இது செத்தா உங்க வலையும் காலி."

அன்னிலேந்து அந்தக் கூம்பு வலையை மரியாதைக்கு அவர் காலால தாண்டினது கெடையாது.

ஏழாம் எடம்தான் கடைசி. ஆத்துக்குள்ள, அனல் மின் நிலையத்துச் சாம்பல் தண்ணி கொழாய் வழியா வந்து கலக்குற எடம். அங்க பாட்டில் எப்பவும் வெறிச்சுன்னுதான் வரும். அந்தச் சாம்பல் கொழாயை மூடச் சொல்லி ஆத்து ஜனங்க மனு போட்டிருந்தாங்க. அதுக்கு ஆதாரமே மேடத்தோட கணக்குதான்.

போன வருசம் மேடத்துக்குக் கொழந்தை பொறந்தது. பதினோரு மாசம் லூர்து தனியாப் போனாரு. "உங்களை நம்பி வுடறேன் அண்ணா"ன்னாங்க. மனுசனும் மழையில போனாரு, காய்ச்சலோட போனாரு. ஜூன் மாசம் மட்டும் வழுக்கிட்டாரு. அன்னிக்கு ராயப்பர் கோயில் தேரு, அவர் தோள் குடுக்கணும். ஆறாம் எடம் முடியறப்பவே மணி மூணு. "எப்பிடியும் வெறும் பாட்டிலு, அதுக்கு எதுக்குப் பேஜாரு?" அங்கேயே இன்னொரு தபா வலையை இழுத்தாரு, உள்ள இன்னா சேந்துதுன்னு கூடப் பாக்காம ஏழுன்னு எழுதினாரு, வூட்டைப் பாத்துத் திரும்பிட்டாரு. மறுவாரம் பாவசங்கீர்த்தனத்துல சாமியார்கிட்ட சொல்லியாச்சு, செபமும் சொல்லியாச்சு. தீந்துதுன்னு நெனச்சாரு.

எங்க தீர்றது! மேடம் லீவு முடிஞ்சு வந்து எல்லா பாட்டிலையும் எண்ணி ரிப்போர்ட்டு குடுத்தாங்க. ஏழாம் எடத்துல ஜூன் மாசம் பூச்சி மொய்க்குது! கொழாய்க்காரங்க அதைக் கெட்டியாப் புடிச்சுகிட்டாங்க. "சாம்பல் தண்ணியிலயும் உயிர் நல்லா வாழுது, மேடமே எழுதிக்கீறாங்க." விசயம் காதுக்கு வந்த அன்னிலேந்து லூர்துக்குச் சோறு எறங்கல. நம்பிக் குடுத்தவங்க கழுத்தையே அறுத்துட்டமேங்கற நெனப்புதான் ராவும் பகலும். நாலாம் நாளு நேரா லேபுக்குப் போயி நின்னாரு.

"மேடம், ஜூன் மாசம் ஏழாவது பாட்டிலு... அது ஆறாவதுலேயே புடிச்சது."

மேடம் கணக்கு நோட்டை எடுத்துப் பிரிச்சாங்க. அப்புறம், "மத்த மாசமெல்லாம்?"

"மாதா சத்தியமா போனேன், மேடம்!"

"நான் நம்பறேன் அண்ணா. ஆனா என் நம்பிக்கையை ரிப்போர்ட்ல எழுத முடியாதே." பதினோரு மாசத்துக்கும் சேத்து ஒரே கோடா அடிச்சாங்க. அவர் உசுரைக் குடுத்து எடுத்த பத்து மாசமும் அந்த ஒரு மாசத்தோட போச்சு.

அடுத்த வாரம் விம்கோ நகர் மண்டபத்துல அந்த மனுவை விசாரிக்க அதிகாரிங்க கூட்டம். மேடம் எந்திரிச்சு, "இந்தப் பதினோரு மாசக் கணக்கு செல்லாது. தப்பு என்னுது"ன்னாங்க. அவ்ளோதான், ஆத்து ஜனங்க கொதிச்சுட்டாங்க. "எவ்ளோ வாங்கின?"ன்னு ஒருத்தன் கத்தினான். கைக்கொழந்தைக்காரி, தலையைக் குனிஞ்சுகிட்டு நின்னாங்க.

லூர்துக்குப் பொறுக்கல. பின்னாடி பெஞ்சிலேந்து எந்திரிச்சாரு. "அவங்களைச் சொல்லாதீங்கப்பா. படகு ஓட்டினவன் நான். தேருக்கு நேரமாச்சுன்னு உங்க ஆத்துக்கு வராமலே திரும்பிட்டேன். பாட்டில்ல பொய் நம்பர் எழுதினது நான்தான்."

பதினோரு மாசத்துக் கணக்கு இல்லாம முடிவு சொல்ல முடியாது, இன்னொரு வருசம் எண்ணிட்டு வாங்கன்னு அதிகாரி ஃபைலை மூடிட்டாரு. அதுவரைக்கும் கொழாய் ஊத்தும்.

வெளியில அடி விழும்னுதான் லூர்து எதிர்பாத்தாரு. விழுந்தாத் தேவலைன்னும் இருந்துது. ஆத்துல எறங்கிக் கையால எறா தடவுற செங்குட்டுவன் கிட்ட வந்தான். அவன் கை விரலெல்லாம் சாம்பல் தண்ணியில வெந்து தோல் உரிஞ்சு கெடந்துது. அவன் கையை ஓங்கல.

"தேருக்குப் போவணும்னா போயிருக்கலாமே, மாமு. எங்களுக்கு ஒரு போன் அடிச்சிருந்தா அந்த வலையை நாங்களே இழுத்துக் குடுத்திருப்பமே."

லூர்து சட்டைப் பையைத் தொட்டுப் பாத்தாரு. தேரன்னிக்கும் போன் அந்தப் பையிலதான் இருந்துது. அவனோட நம்பரும் அதுல இருந்துது. அவருக்குத் தோணவே இல்ல.