ஜோதிமணி மேடமும் காணாமல் போன விடைத்தாளும்

செவ்வாய்க்கிழமை காலை கல்லூரி வாட்ஸ்அப் குழுவில் அந்தச் செய்தி வந்தபோது நான் நம்பவில்லை. அந்தக் குழுவில் வரும் எதையும் நான் உடனே நம்புவதில்லை. ஓய்வுபெற்ற நூலகர் ஒருவருக்கு ஊரே கைகூப்பி அஞ்சலி செலுத்தி முடித்த பிறகு, "நான் நல்லாத்தான் இருக்கேன்" என்று அவரே வந்து பதில் போட்ட குழு அது. அதனால் கைகூப்பும் படத்தைப் போடாமல் மேடத்தின் எண்ணுக்கே அடித்துப் பார்த்தேன். அவருடைய தம்பி எடுத்தார்.

"ஆமாண்ணே, காலையிலதான். நெஞ்சு வலிக்குதுன்னுச்சு. ஆட்டோ வர்றதுக்குள்ள முடிஞ்சு போச்சு. அலங்காநல்லூருக்குத்தான் கொண்டு வாரோம், சாயந்தரம் எடுக்குறோம்" என்றார். நான் சரி என்று சொல்லிவிட்டு, நேரத்தை ஒரு தாளில் குறித்துக்கொண்டேன். எதற்குக் குறித்தேன் என்று தெரியவில்லை. பழக்கம்.

என்னைத் தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். திண்டுக்கல் ரோட்டில் விளாங்குடியைத் தாண்டி இருக்கும் எங்கள் கல்லூரியில் பதினெட்டு வருடங்களாகத் தேர்வுப் பிரிவு என் பொறுப்பு. வினாத்தாள், விடைத்தாள், பூட்டு, சாவி, அரக்கு முத்திரை. சந்தேகப்படுவதற்குத்தான் எனக்குச் சம்பளம் என்று சக ஆசிரியர்கள் கேலி செய்வார்கள். நான் அதைக் கேலியாக எடுத்துக்கொண்டதே இல்லை.

வியாழக்கிழமை இரங்கல் கூட்டம் நடந்தது. ஆறு பேர் பேசினார்கள். ஆறாவதாகப் பேசிய துறைத் தலைவர், "அந்த விடைத்தாள் விவகாரம் ஒன்றைத் தவிர்த்துப் பார்த்தால், அப்பழுக்கில்லாத மனுஷி" என்றார். கூட்டத்தில் சிலர் தலையைக் குனிந்துகொண்டார்கள். நானும் குனிந்துகொண்டேன். என் காரணம் வேறு. அவர் "தவிர்த்து" வைத்த அந்த ஒன்றுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

ஜோதிமணி மேடம் விலங்கியல் துறை. பல வருடங்கள் ஒரே வளாகத்தில் இருந்தும் எங்களுக்குள் வணக்கம் தவிர வேறு பேச்சில்லை. ஒருநாள் என் அறைக்கு வந்து பழைய விடைத்தாள்களைக் கேட்டார். வைத்திருக்க வேண்டிய காலம் முடிந்ததும் அவற்றை விடுதிக்குப் பின்னால் குழியில் போட்டு எரிப்பது எங்கள் வழக்கம்.

"இம்புட்டுப் பேப்பரையும் எரிச்சு என்ன சார் காணப் போறீங்க? எனக்குக் குடுங்க."

"உங்களுக்கு எதற்கு மேடம்?"

"ஊறப்போட்டு அரைக்க."

தேர்வுப் பிரிவில் அப்படியொரு பதிலை நான் கேட்டதில்லை. எழுத்தில் வேண்டும், மூன்று கையெழுத்து வேண்டும் என்றேன். வரமாட்டார் என்று நினைத்தேன். மறுநாளே மூன்று கையெழுத்தோடு வந்தார். அதைத் தொடப்போகும் மாணவர்களின் பதிவெண் பட்டியலும் வேண்டும் என்றேன். "கூழுக்கு எதுக்கு சார் நம்பரு?" என்று சிரித்தார். கையெழுத்துகள் இருந்ததால் கட்டுகளைக் கொடுத்தேன்; பட்டியல் கடைசிவரை வரவில்லை. என் சந்தேகம் தொடங்கியது அங்கேதான்.

அதற்குச் சில மாதங்களுக்கு முன், முடிவுகள் வெளியான நாளில் மூன்றாம் ஆண்டு மாணவன் ஒருவன் விடுதியிலிருந்து காணாமல் போனான். இரண்டு நாள் கழித்து வண்டியூர் தெப்பக்குளத்துப் படியில் உட்கார்ந்திருந்தவனைக் கண்டுபிடித்துக் கூட்டிவந்தோம். நிர்வாகம் பயந்துபோய் மனநல ஆலோசனை மையம் திறந்தது. எங்கே திறந்தது? கேன்டீனுக்கு நேர் எதிரில். அதுவும் ஆளுயர பிளெக்ஸ் போர்டு வைத்து. வாரம் இரண்டு நாள் மருத்துவர் வந்தார். கேன்டீன் மொத்தமும் பார்த்துக்கொண்டிருக்க மையத்து வாசலின் இரண்டு படியை எந்தப் பிள்ளை ஏறும்? மருத்துவர் செய்தித்தாள் வாசித்துவிட்டுப் போனார். ஒருவரும் வராததால் நம் மாணவர்களுக்குக் குறையொன்றும் இல்லை என்று நிர்வாகம் முடிவுசெய்தது. நானும் அந்த அறிக்கையில் கையெழுத்துப் போட்டேன்.

மேடம் மட்டும் வேறு விதமாக யோசித்திருக்கிறார். மாடியில் பாம்பும் தவளையும் பாட்டிலில் மிதக்கும் பழைய மாதிரிகள் அறையைக் கேட்டு வாங்கினார். போர்டு வைக்கவில்லை. வீட்டில் சும்மா கிடந்த கிரைண்டரைக் கொண்டுவந்தார். தோற்ற விடைத்தாளோ, வைத்திருக்கப் பிடிக்காத கடிதமோ, எதுவானாலும் பிள்ளைகள் தாங்களே கிழித்துத் தொட்டியில் ஊறப்போட வேண்டும். போதாததற்கு என் பழைய கட்டுகள். இரண்டு நாள் ஊறியதும் வெந்தய மாவு சேர்த்து அரைத்து, களிமண்ணில் செய்த தங்கள் முகத்தின் மேல் அந்தக் கூழை அப்பிக் காயவிடுவார்கள். காய்ந்ததும் உரித்தால் முகமூடி. பார்மலின் நாற்றமும் வெந்தய வாசமும் கலந்து அந்த மாடி முழுக்க வீசும்.

யாரையும் பேசச் சொல்லமாட்டார், பெயர் எழுதிக்கொள்ளமாட்டார். ஏன் என்று பின்னொரு நாள் கேட்டேன். "கை ஒரு வேலையில இருந்தா வாய் தானாத் தொறக்கும் சார். வாயப் பாத்துக் கேட்டா பூட்டிக்கிரும்" என்றார்.

அந்த நாட்களில் நான் மாடிப்படித் திருப்பத்தில் நின்று அறிவிப்புப் பலகையைப் படிப்பதுபோல யார் யார் உள்ளே போகிறார்கள் என்று பார்ப்பேன். தோற்றவர்கள் போனால் சரி. முதல் மதிப்பெண் வாங்கும் பெண்களும் போனார்கள். அவர்களுக்கு அங்கே என்ன வேலை? விடைத்தாள், முதல் மதிப்பெண், பூட்டிய அறை. என் மூளை இவற்றை எப்படிக் கூட்டியிருக்கும் என்று உங்களுக்கே தெரியும். ஒருநாள் மேடம் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார். "சார், அது போன வருசத்து ரத்த தான முகாம் நோட்டீசு. எம்புட்டு நாளைக்கு அதையே படிப்பீங்க? உள்ள வாங்க, படிக்க நெறையப் பேப்பர் கெடக்கு" என்றார். நான் போகவில்லை.

பிறகு அந்த விவகாரம் வந்தது. செலவுக் கணக்கியல் தாளுக்கு மறுமதிப்பீடு கேட்டு ஒரு மாணவன் விண்ணப்பித்தான். கட்டைப் பிரித்தால் அவனுடைய விடைத்தாள் இல்லை. என் பிரிவில் அதுவரை ஒரு தாள்கூடத் தொலைந்ததில்லை. எங்கே போயிருக்கும் என்று நான் ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை. காவலாளியைக் கூட்டிக்கொண்டு நட்டநடு மத்தியானத்தில் மாடிக்கு ஏறினேன்.

ஏழெட்டுப் பிள்ளைகள் இருந்தார்கள். நான் தொட்டிக்குள் கைவிட்டு ஈரக் காகிதத்தை வாரி மேசையில் பரப்பிப் பதிவெண் தேடினேன். கிடைக்கவில்லை. சன்னலோரம் காய்ந்துகொண்டிருந்த ஒரு முகமூடியின் கன்னத்தில் சிவப்பு மை தெரிந்தது. திருத்தியவரின் மை. அது இரண்டாமாண்டு கௌசல்யாவுடையது. "சார், அது எம் பேப்பரு சார், இன்டர்னல் பேப்பரு" என்று அவள் எழுந்து வந்தாள். உள்ளடுக்கைப் பார்க்க வேண்டும் என்று நான் அதை இரண்டாக உடைத்தேன். உள்ளே அவள் பதிவெண்தான் இருந்தது. மேடம் என்னைத் திட்டவில்லை. கிரைண்டரை நிறுத்திவிட்டு, "பாத்துட்டீங்கள்ல சார்? அப்ப கீழ போங்க" என்று மட்டும் சொன்னார்.

போய்ப் புகார் எழுதினேன். விசாரணை நடந்தது. "குற்றச்சாட்டு நிரூபிக்கப்படவில்லை" என்று அறிக்கை வந்தது. நிரூபிக்கப்படவில்லை என்பதற்கும் செய்யவில்லை என்பதற்கும் நடுவில் எத்தனை பேர் உட்கார்ந்து பேச முடியும் என்பது கல்லூரி ஓய்வறைகளுக்குத் தெரியும். மாடி அறையை ஒரு பருவம் முழுக்கப் பூட்டி வைத்தார்கள். அடுத்த வருடம் மேடத்துக்கு வரவேண்டிய துறைத் தலைவர் பொறுப்பு வரவில்லை. கௌசல்யா வகுப்புக்கு வருவதை நிறுத்திவிட்டாள். மேடம் ஒரே ஒரு முறை சைக்கிள் ஸ்டாண்டில் என்னை நிறுத்தினார். "நீங்க தேடுறது எங்க ரூம்புல இல்ல சார். வேற எங்கயாச்சும் தேடிப் பாத்தீங்களா?" என்றார். எவ்வளவு சாமர்த்தியம் பார் என்று நினைத்தபடி வண்டியைக் கிளப்பினேன்.

இப்போது நான் சொல்ல வேண்டியதைச் சொல்கிறேன். திருத்தி வரும் ஒவ்வொரு கட்டிலிருந்தும் ஐந்து தாள்களை உருவி, கூட்டல் சரியா என்று நானே தனியாகப் பார்ப்பது என் வழக்கம். திருத்துபவர்கள் மேல் எனக்கு நம்பிக்கை கிடையாது. சரியாக இருந்தால் முன்பக்கத்தில் பச்சை மையில் ஒரு டிக் போட்டுத் திரும்பச் செருகுவேன். இந்த வேலையை வேறு யாரும் செய்வதில்லை, யாரையும் செய்யவிடுவதும் இல்லை. அறை மறுபடி திறந்த பிறகு, எரிக்க வேண்டிய கட்டுகளைப் பிரித்துக்கொண்டிருந்தேன். நிறுவனச் சட்டம் தாளின் கட்டுக்குள் அந்தச் செலவுக் கணக்கியல் விடைத்தாள் இருந்தது. முன்பக்கத்தில் என் பச்சை டிக் இருந்தது. பார்த்துவிட்டுப் பக்கத்துக் கட்டில் செருகியவன் நான்தான். ஊரில் உள்ள எல்லோரையும் சந்தேகப்பட்ட நான் என்னை ஒருமுறைகூடச் சந்தேகப்படவில்லை.

முதல்வரிடம் போயிருக்க வேண்டும். போகவில்லை. பயம், வேறொன்றுமில்லை. தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு மாடி ஏறினேன். மேடம் தனியாக இருந்தார். என்ன ஏது என்று கேட்கவில்லை. ஸ்டூலைத் தள்ளிப் போட்டு, "உக்காருங்க சார். கொண்டாந்ததக் கிழிங்க" என்றார். நான் கிழித்தேன். அவர் மறுபக்கம் திரும்பி ஏதோ பாட்டிலைத் துடைத்துக்கொண்டிருந்தார். இரண்டு நாள் கழித்து வரச்சொல்லி அரைத்துக் கொடுத்தார். முகம் செய்ய எனக்குத் துணிச்சல் இல்லை. ஒரு கிண்ணத்தைக் கவிழ்த்து அதன் மேல் அப்பினேன். காய்ந்ததும் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு மேடம் சொன்னார்: "பச்சை மை மட்டும் கரையாது போல சார்."

அவருக்குத் தெரியுமா? தெரிந்துதான் சொன்னாரா? அன்றிலிருந்து இதைத்தான் யோசித்துக்கொண்டிருக்கிறேன். ஒவ்வொரு நாளும் அவர் கேட்பார் என்று காத்திருந்தேன். அவர் நான் சொல்வேன் என்று காத்திருந்தாரோ என்னவோ. இரண்டு வருடம் அப்படியே போனது. போன வாரம்கூடப் படியில் பார்த்துச் சிரித்தார். எனக்கு இன்னும் நாள் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

செவ்வாய்க்கிழமை சாயந்தரம் அலங்காநல்லூரில் பெண்கள் கூட்டத்திலிருந்து ஒருத்தி எழுந்து என்னிடம் வந்தாள். எனக்கு அடையாளம் தெரியவில்லை. "எம் மொகத்த ஒடச்சது நீங்கதான சார்?" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. ஊர், பெயர் விசாரிப்பதுபோலச் சொன்னாள். கௌசல்யா. ரூம் பூட்டியிருந்த பருவம் முழுக்க, சனிக்கிழமை தோறும் மேடம் ஒரு வாளியில் கூழோடு பஸ் ஏறி அவள் வீட்டுக்குப் போயிருக்கிறார். "ஒரு வருசம் போச்சு சார். ஆனா மேடம் விடல. இப்ப பி.எட். படிக்கிறேன்." பிறகு, "ஒங்களப் பத்தி ஒருநா கேட்டேன். அவரு வருவாரு, கொஞ்சம் லேட்டாகும்னு சொன்னாங்க" என்றாள்.

நான் அங்கேயே அழுதேன். சுற்றி நின்றவர்கள் மேடத்துக்காக அழுகிறேன் என்று நினைத்திருப்பார்கள்.

நேற்று முதல்வரிடம் கடிதம் கொடுத்துவிட்டேன். விடைத்தாள் தொலையவில்லை, தவறான கட்டில் வைத்தவன் நான், கண்டுபிடித்தும் மறைத்தவன் நான், ஜோதிமணி மேடத்தின் கோப்பிலிருந்து என் புகாரை நீக்க வேண்டும். மூன்று கையெழுத்து வேண்டும் என்று அன்று அவரிடம் கேட்டேன் அல்லவா? என்னுடையதோடு, விசாரணைக் குழுவில் இருந்த இருவரிடம் முழுவதும் படிக்கக் கொடுத்துவிட்டு அவர்கள் கையெழுத்தையும் வாங்கினேன். என் மேல் என்ன நடவடிக்கை எடுத்தாலும் எடுக்கட்டும்.

அவரிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது அந்தக் கிண்ணம்தான். ஒரு பக்கம் கோணல். இன்னும் லேசாக வெந்தயம் மணக்கிறது. தேர்வறைச் சாவியை அதில்தான் போட்டு வைக்கிறேன். என்ன பேப்பர் சார் இது என்று கேட்டவர்களிடம் இதுவரை ஏதோ பழைய பேப்பர் என்று சொல்லி வந்தேன். சந்தேகம் உள்ளவர்கள் வந்து பார்க்கலாம். என் மேசையில்தான் இருக்கிறது. விளிம்புக்குக் கீழே கொஞ்சம் பச்சை தெரியும்.