குரும்பை உதிர்ந்தால் யாரைக் கேட்பது

எனக்கு எழுபத்து நான்கு வயது. ஆறு பேரை வளர்த்தேன். நான்கு நான் பெற்றது. மற்ற இரண்டும் சின்ன வயதிலேயே கண்மூடிய என் நாத்தனார் பெற்றது. ஆறு பேரும் காய்ச்சல் வந்தாலும் என்னைத்தான் கேட்பார்கள், கல்யாணப் பேச்சு வந்தாலும் என்னைத்தான் கேட்பார்கள். தெருவும் அப்படித்தான். எழுத்து எனக்குக் கொஞ்சம்தான் வரும். பஸ் போர்டு படிப்பேன், ரேஷன் கடையில் கையெழுத்துப் போடுவேன். அது யாருக்கும் குறையாகத் தெரிந்ததில்லை.

என் சின்ன மருமகள் பள்ளிக்கூட டீச்சர். சனிக்கிழமை சாயங்காலம் தெருப்பிள்ளைகளை எங்கள் வீட்டு ஹாலில் உட்கார வைத்து, போனில் தேடுவது எப்படி என்று பாடம் எடுக்கிறாள். முதல் நாள் எனக்குச் சிரிப்பு வந்தது.

“ஏத்தா, கேக்குறதுக்குமா பாடம்?” என்றேன்.

“ஆமா அத்தே. கேக்கத் தெரிஞ்சாத்தான வேணுங்கிறது கெடைக்கும்” என்றாள்.

மரியாதையாகத்தான் சொன்னாள். எனக்குத்தான் சுருக்கென்றது. நான் கூப்பிட்டால் நாலு தரம் கூப்பிட வைக்கும் பிள்ளைகள், அவள் தொண்டையைச் செருமினாலே வாயை மூடிக்கொண்டன. என் பேத்தி, அவள் பெற்ற மகள்தான், முதல் வரிசையில் இருந்தாள். அதுவரை அந்தப் பிள்ளைக்கு எந்தச் சந்தேகம் வந்தாலும் என் முந்தானையைத்தான் பிடித்து இழுக்கும்.

முருங்கைக் கீரை உருவுகிற சாக்கில் நான் வாசற்படி ஓரம் உட்கார்ந்து கேட்பேன். “மொதல்ல வர்ற பதிலப் புடிச்சுக்கிட்டு வந்துறாதீக. அது விக்கிறவன் போட்ட விளம்பரமா இருக்கும். எழுதினது யாரு, என்னைக்கு எழுதினாக, பாருங்க. ரெண்டு மூணு எடத்துல விசாரிங்க” என்பாள்.

எனக்குப் பொறுக்கவில்லை. “நான் பொண்ணு விசாரிக்கப் போனா அந்தத் தெருவுல மூணு வீட்டுல கேக்காம திரும்ப மாட்டேன். எனக்கு எந்த டீச்சரு சொல்லிக் குடுத்தாக?” என்று கீரைத் தட்டைப் பார்த்துச் சொன்னேன்.

அடுத்த வாரம் அவள் அதையே எடுத்துப் பாடத்தில் வைத்துவிட்டாள். “நம்ம அப்பத்தா பொண்ணு விசாரிப்பாகல்ல, அது மாதிரி விசாரிக்கணும்.” பிள்ளைகள் என்னைப் பார்த்துக் கைதட்டின. பேச்சு என்னுடையது, டீச்சர் அவள். அன்றைக்குக் கீரையில் உப்புக் கூடிப்போனது.

கொல்லையில் ஒரு தென்னை இருக்கிறது. நான் வைத்தது. போன கோடையில் அதில் குரும்பை நிற்கவே இல்லை. எலுமிச்சங்காய் அளவுப் பிஞ்சுகள் தினமும் கீழே கிடந்தன. மரத்துக்கு ஒன்று என்றால் என் மகன் என்னிடம்தான் வருவான். அன்று கையில் நாலு பிஞ்சோடு உள்ளே வந்தவன், என்னைத் தாண்டிப் போய்ப் பெண்டாட்டியிடம் காட்டினான்.

“இது ஏன் இப்படி உதிருதுன்னு தேடிப் பாரேன்.”

“தூருல உப்பப் போடுறா” என்றேன் நான்.

“பாப்போம் அத்தே. இந்தச் சனிக்கிழமை பிள்ளைகளுக்கு இதையே கொடுப்போம், தேடட்டும்” என்றாள் அவள்.

என் மரம், அவளுக்குப் பாடம்! சனிக்கிழமைக்கு முன்னால் நானே தேடிக் கண்டுபிடித்து, எல்லார் முன்னாலும் சொல்லிவிட வேண்டும் என்று நெஞ்சுக்குள் வைராக்கியம் வந்துவிட்டது.

வெள்ளிக்கிழமை பேத்தி போனை வைத்துவிட்டுக் குளிக்கப் போனாள். அவள் தொடுகிற இடத்தைப் பார்த்து வைத்திருந்தேன். மைக் படத்தைத் தொட்டேன். ஒரு வீட்டுக்குப் போனால் எடுத்த எடுப்பில் காரியத்தைக் கேட்பது நம் பக்கத்தில் வழக்கமில்லை. எனவே பதவிசாகவே ஆரம்பித்தேன். “நல்லாருக்கீகளா? நான் பழனிசெட்டிபட்டியிலருந்து பேசுறேன். சாப்டாச்சா?” அதற்கு மேல் மரத்துப் பேச்சை எடுக்கலாம் என்று மூச்சு வாங்குவதற்குள், போன் பழனிசெட்டிபட்டிச் சாப்பாட்டுக் கடைகளை வரிசையாகக் காட்டிவிட்டது. பிரியாணிப் படம் வேறு.

பேத்தி தலை துவட்டிக்கொண்டே வந்து பார்த்தாள். “அப்பத்தா, ஓட்டல் தேடுனியா? அம்மா சமையல் அம்புட்டு மோசமா?”

“நான் மரத்தப் பத்திக் கேக்கப் போனேன்டி. அது சோத்தப் பத்திப் பேசுது.”

“நீ விருந்தாடி வந்தவ மாதிரி பேசுற. அதுக்கு நலமெல்லாம் வேணாம். எந்த மரம், என்ன கோளாறு, எந்த ஊரு, அம்புட்டுத்தான்.”

தாய் மாதிரியே கையை ஆட்டிச் சொன்னாள். அந்தக் கையைப் பார்க்கத்தான் எனக்கு எரிந்தது.

சனிக்கிழமை பிள்ளைகள் தேடினார்கள். முதலில் வந்தது ஒரு டானிக் பாட்டில். “விக்கிறவன்” என்று ஒரே குரலாகத் தள்ளினார்கள். பிறகு விவசாய ஆபீசர்கள் எழுதிய பக்கம் வந்தது. தண்ணீர் குறைந்தாலும் உதிரும், தேங்கினாலும் உதிரும், சத்துக் குறைந்தாலும் உதிரும், பூச்சி விழுந்தாலும் உதிரும் என்று அதில் இருந்தது.

“உப்புப் போட்டா நிக்கும்னு போட்டிருக்கா?” என்று நான் கேட்டேன்.

பேத்தி விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்தாள். மூன்று பக்கம் மாற்றிப் பார்த்தாள். “இல்ல அப்பத்தா, எங்கயும் இல்ல.”

மருமகள்தான் பேசினாள். “இதுல நம்ம மரத்துக்கு எதுன்னு போனுக்குத் தெரியாது. எப்பருந்து உதிருது, அதுக்கு முன்னாடி என்ன மாறுச்சு, அதத் தெரிஞ்சுக்கிட்டுத்தான் மறுபடி தேடணும். யாரக் கேக்கலாம்?”

எல்லாத் தலையும் என் பக்கம் திரும்பியது. “அதான் டீச்சர் இருக்காகல்ல, அவுகளையே கேளுங்க” என்று தட்டை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டேன்.

பேத்தி பின்னாலேயே வந்தாள். என் பக்கத்தில் குத்துக்கால் போட்டு உட்கார்ந்தாள். “சொல்லு அப்பத்தா. எப்பருந்து?”

நான் சொன்னேன். துணி துவைக்கிற மிஷின் வந்த பிறகுதான் உதிர்கிறது. அதற்கு முன் கல்லில் துவைத்த தண்ணீர் முழுக்க அந்தத் தூருக்குத்தான் போகும். இப்போது குழாய் வழியாகச் சாக்கடைக்குப் போகிறது. மரம் கோடையைக் காய்ந்தே கழித்தது. நான் சொல்லச் சொல்ல அவள் போனில் தட்டிக்கொண்டே இருந்தாள். என் முகத்தை ஒரு தரம்கூட நிமிர்ந்து பார்க்கவில்லை. தட்டி முடித்ததும், “அம்மா, தண்ணிதான்!” என்று கத்திக்கொண்டு ஹாலுக்கு ஓடினாள்.

என் மகன் தூருக்குத் தனியாக ஒரு குழாய் இழுத்துவிட்டான். அடுத்து வந்த பாளையில் குரும்பை நின்றது. தெருவில் இப்போதும், டீச்சர் வகுப்பில் தேடித்தான் அந்த மரம் பிழைத்தது என்கிறார்கள். பொய் என்று சொல்ல முடியவில்லை. உண்மை என்று சொல்ல மனசும் வரவில்லை. அதனால்தான் எழுத்துக் கூட்டிக் கூட்டி, அடித்து அடித்து, இத்தனையும் எழுதினேன்.

ஏத்தா, அந்தப் போனக் கீழ வச்சுட்டு இங்கன வா. நான் எழுதுனத எனக்குப் படிச்சுக் காட்டு. உங்கம்மாவப் பத்தி எழுதுன எடத்த முழுங்கிறாத. அடுப்படி வரைக்கும் கேக்குற மாதிரி சத்தமாப் படி.