மாப்பிள்ளைக் கடிவாளம்

தேங்காயெண்ணெயைக் குளம்பில் தேய்த்தபடியே ஜெய்னுலாப்தீன் குதிரையின் வம்சம் சொல்ல ஆரம்பித்துவிடுவார். அப்பன், பாட்டன், பாட்டனைப் பெற்றவள், யார் எங்கே ஜெயித்தது, எல்லாம் மனப்பாடம். சொந்தப் பேரன் எத்தனாவது படிக்கிறான் என்று கேளுங்கள், மனுஷன் முழிப்பார்.

ரேஸில் அதன் பெயர் மிஸ்டர் காப்பர். கிண்டியிலும் பெங்களூரிலும் பதினோரு கோப்பை. பிறகு ஓசூர்ப் பக்கம் ஒரு பண்ணையில் பன்னிரண்டு சீசன் பொலிகுதிரை; இருநூறு குட்டிகளுக்குத் தகப்பன். பண்ணையில் எல்லாருக்கும் அது மாப்பிள்ளை. பதினெட்டு வயதில் பெட்டைகளுக்குச் சினை நிற்காமல் போனது, மரியாதையும் போனது. போர்ட் பிளேரில் கடற்கரைச் சவாரி நடத்தும் அருண்பிரசாத் அடிமாட்டு விலைக்கு வாங்கினார். இரண்டு வயதிலிருந்து அதை வளர்த்த ஜெய்னுலாப்தீனும் கூடவே கப்பல் ஏறினார். "மாப்ளய தனியா அனுப்பிட்டு நான் வீட்ல பிரியாணி திங்கவா?"

போர்ட் பிளேரின் மின்னி பே கடற்கரையில் தகரக் கொட்டகை. புழுக்கம், உண்ணி, உப்புக்காற்று. போன மாதம் கல்யாண ஊர்வலத்துக்கு வந்த பெட்டைக்குதிரையின் வாடை பட்டு மாப்பிள்ளை பாய்ந்ததில், முதுகில் இருந்த சுற்றுலாப் பெண்ணுக்கு இடுப்பு முறிந்தது.

"காயடிச்சிடுங்க பாய், அவ்ளோதான்," என்றார் அருண்பிரசாத். "இல்லன்னா ஒரே ஊசில முடிச்சிடலாம். தீஸ்ரா ராஸ்தா நஹி, மூணாவது வழியே கிடையாது."

"இந்த வயசுல அறுத்தா தாங்குமா சாப்?"

மறுநாள் கால்நடை டாக்டர் ஷீலா வந்தார். மயக்க ஊசியைக் கண்டதும் மாப்பிள்ளை கொட்டகை மூலையில் ஒட்டிக்கொண்டு, கிட்டே போன இரண்டு பேரை உதைத்தது. அருண்பிரசாத் பொறுமை இழந்து, "அப்ப அந்த ஊசியையே போட்டுடுங்க டாக்டர்" என்றார்.

ஜெய்னுலாப்தீன் ஓடிப்போய்த் தன் டிரங்குப் பெட்டியிலிருந்து பித்தளை பதித்த ஒரு கடிவாளத்தை எடுத்துவந்தார். பொலிகுதிரைக்கு இரண்டு கடிவாளம். ஒன்று தினசரி நடைக்கு. மற்றது, பெட்டையிடம் கூட்டிப்போகும்போது மட்டும். அதைப் பூட்டினால் எங்கே போகிறோம் என்று குதிரைக்குத் தெரியும்.

அதைப் பார்த்ததுமே கிழட்டுக் குதிரை கழுத்தை வளைத்தது, வாலைத் தூக்கியது. "வாடா மாப்ள, வா" என்றார் பாவி மனுஷன். பூட்டியதும் துள்ளிக்கொண்டு அவர் பின்னாலேயே வந்தது. கழுத்தில் மயக்க ஊசி இறங்கியபோதும் அது வாசலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது.

ஒரு மணி நேரம் கழித்துத் தள்ளாடி எழுந்தது. பின்னங்கால்கள் நடுங்கின, தொடையில் ரத்தம் வழிந்தது. கடிவாளத்தைக் கழற்ற யாருக்கும் தோன்றவில்லை. வாசல் பக்கம் காதை நிமிர்த்திக் கனைத்தது. நின்று கேட்டது. மறுபடியும் கனைத்தது.

"அத அவுத்துடுங்க பாய்," என்றார் டாக்டர்.

ஜெய்னுலாப்தீன் காதில் விழவில்லை. வாசலைத் தாண்டிப் போய், குதிரையின் கண்ணுக்குப் படாமல் சுவரோரம் நின்று, இரண்டு கைகளையும் வாயருகே குவித்து, பெட்டைக்குதிரையின் குரலில் பதிலுக்குக் கனைத்தார்.